ஒரு பக்கப் பால் பிள்ளைக்குப் போதுமா?

தாய்ப்பாலைப் பற்றித் தொலைக்காட்சியில் கலந்துரையாடல் என்றால் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும். பால் ஊற என்ன சாப்பிடலாம், வேலைக்குப் போனால் எப்படிக் கொடுப்பது, எத்தனை மாதம் கொடுப்பது என்று கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். ஆனால், ஒளிபரப்பில் பெரும்பாலும் வராத கேள்வி ஒன்று உண்டு. நிகழ்ச்சி முடிந்த பிறகுதான், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்.

"எனக்கு ஒரு பக்கத்தில் மட்டும் அடிக்கடி பால் கட்டிக்கொள்கிறது. குளிர் காய்ச்சல் வந்து படுத்துவிடுகிறேன். அந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டு மறுபக்கம் மட்டும் கொடுத்தால் பிள்ளைக்குப் பத்துமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தாய்மார்களுக்குப் பத்தும். ஒரு மார்பகத்தின் பாலைக் கொண்டே ஒரு பிள்ளையை நன்றாக வளர்க்கலாம். ஆனால், அந்த முடிவுக்கு வருவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வந்திருக்கும் அழற்சி அடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான், அதுவும் மெதுவாக, அந்தப் பக்கத்தை நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறினால்தான் ஆபத்து. அதைத்தான் இந்த வாரம் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

பால் கட்டு வேறு, கிருமித்தொற்று வேறு

நம் வீடுகளில் "பால் கட்டிக்கொண்டது" என்று சொல்வதை மலாய்த் தோழிகள் 'பெங்காக் சுசு' என்பார்கள். மருத்துவர்கள் இதை மார்பக அழற்சி என்கிறார்கள். இது ஒரே நாளில் பெரிய நோயாக வந்து நிற்பதில்லை. படிப்படியாக ஏறும்.

முதல் படியில், பால் செல்லும் நுண்ணிய குழாய்களைச் சுற்றியுள்ள சதை வீங்குகிறது. வீங்கிய சதை குழாயை நெருக்குவதால் பால் தடைபடுகிறது. கையால் தொட்டால் கட்டியாகத் தெரிகிறது, வலிக்கிறது. அடுத்த படியில் காய்ச்சலும் நடுக்கமும் உடல்வலியும் வருகின்றன. இந்தக் கட்டத்தில்கூட கிருமி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அழற்சி ஒன்றே காய்ச்சலைக் கொண்டுவரும். அதற்கும் அடுத்த படிதான் கிருமித்தொற்று. அதையும் கவனிக்காமல் விட்டால் சீழ்க்கட்டி. மார்பக அழற்சி கண்ட தாய்மார்களில் நூற்றுக்கு 3 முதல் 11 பேருக்குச் சீழ்க்கட்டி உண்டாவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. சீழ்க்கட்டியை மருந்து மட்டும் கொடுத்து ஆற்றுவது கடினம். ஊசியாலோ சிறு குழாயாலோ சீழை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தை நம் பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அழற்சி என்றால் தோல் சிவந்திருக்கும் என்று புத்தகங்களில் போட்டிருப்பார்கள். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம். "சிவக்கவில்லையே, ஒன்றுமில்லை" என்று இருந்துவிடக் கூடாது. அந்த இடம் மற்ற இடத்தைவிடச் சுடுகிறதா, கெட்டியாக இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் குறையவில்லை என்றால் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம்.

மாறிவிட்ட அறிவுரை

நம் அம்மாக்கள் காலத்து வைத்தியம் நமக்குத் தெரியும். சுடுநீரில் துணியை நனைத்து ஒத்தடம், எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது, கட்டி கரையும்வரை பாலைப் பீய்ச்சுவது. சிலர் சீப்பால்கூட வாரிவிடுவார்கள். இதைப் பாட்டிமார்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் மார்பக அழற்சி பற்றி வெளியிட்ட கையேடும் தேங்கிய பாலை நன்றாக வெளியேற்றுவதையே முக்கியமான சிகிச்சையாகக் கூறியது.

2022-இல் தாய்ப்பால் மருத்துவர்களின் அனைத்துலகச் சங்கம் தன் வழிகாட்டியைத் திருத்தி எழுதியது. வீங்கிய சதையை அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் காயப்படும் என்று அது எச்சரிக்கிறது. பாலை முழுவதும் வெளியேற்ற வேண்டும் என்று மீண்டும் மீண்டும் பம்ப் வைத்தால், "இன்னும் பால் தேவை" என்று உடல் புரிந்துகொண்டு மேலும் சுரக்கும். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதைப் போன்றது.

இப்போதைய அறிவுரை எளிமையானது. பிள்ளை கேட்கும்போது வழக்கம்போல் கொடுங்கள், அதற்கு மேல் கறக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை அவ்வப்போது வையுங்கள். சூட்டைவிடக் குளிர்ச்சியே வீக்கத்தைக் குறைக்கும். வலிக்குப் பாரசிட்டமோல் போடலாம். இபுபுரோஃபென் வலியோடு வீக்கத்தையும் தணிக்கும். ஆனால், வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. தடவ வேண்டுமானால் பூனைக்குட்டியைத் தடவுவது போல, மார்பிலிருந்து அக்குளை நோக்கி மேலோட்டமாகத் தடவுங்கள்.

கிருமித்தொற்று என்று மருத்துவர் உறுதி செய்தால் ஆன்டிபயாட்டிக் மருந்து, பொதுவாக 10 முதல் 14 நாள்களுக்குக் கொடுப்பார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். அதோடு மருந்தை நிறுத்தாமல், கொடுத்த நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். தாய்ப்பால் கொடுக்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அதற்கேற்ற மருந்தையே எழுதிக் கொடுப்பார். அந்த நாள்களில் பாலை நிறுத்த வேண்டியதில்லை. அழற்சி உள்ள பக்கத்துப் பாலும் நலமாகப் பிறந்த பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. உப்புச்சத்து கூடுவதால் சுவை சற்றே மாறும். அதனால் சில பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "பால் கெட்டுப்போய்விட்டது" என்று பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

ஏன் அதே பக்கம், அதே இடம்?

ஒருமுறை வந்து போனால் அதை மறந்துவிடலாம். இரண்டு, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தால் காரணம் இருக்கிறது என்று பொருள். சுரப்பு அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். பம்பின் வாய் அளவு பொருந்தாமல் காம்பு புண்ணாகியிருக்கலாம். பிள்ளை காம்பை மட்டும் கவ்விக் குடிப்பதால் வெடிப்பு ஏற்பட்டிருக்கலாம். இறுக்கமான உள்ளாடை ஓர் இடத்தையே அழுத்திக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கத்தில் முன்பு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கலாம். கொடுத்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கப் பாலையே சோதனைக்கூடத்திற்கு அனுப்பிப் பார்க்கலாம். "டாக்டர், பாலைச் சோதித்துப் பார்க்கலாமா?" என்று நீங்களே கேட்கலாம், தவறில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அழற்சி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலும், மருந்து முடிந்தும் கட்டி கரையாவிட்டாலும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆரஞ்சுத் தோல் போலச் சருமம் குழிகுழியாவதும், காம்பு உள்ளே இழுத்துக்கொள்வதும் அப்படியே கவனிக்க வேண்டிய அடையாளங்கள். பெரும்பாலும் அச்சப்பட ஒன்றும் இருக்காது. ஆனால், அரிதாக வரும் ஒருவகை மார்பகப் புற்றுநோய் அழற்சியைப் போலவே வேடமிட்டு வரும். "பால் கொடுக்கிறவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று இருந்துவிட்டால் பொன்னான மாதங்கள் போய்விடும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே ஸ்கேன் எடுக்கலாம். அதற்காகப் பிள்ளையைப் பால் மறக்கச் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு மார்பகம், இரண்டு தனிக் கணக்கு

காரணத்தைத் தேடியாயிற்று, சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்தாயிற்று, இருந்தும் நிற்கவில்லை. அப்போது ஒரு தாய்க்கு என்ன வழி? முழுவதும் நிறுத்திப் புட்டிப்பாலுக்குப் போவது ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது ஒன்று என இரண்டு வழிகளைத்தான் பலரும் சொல்வார்கள். என் இரண்டாவது பிள்ளைக்கு இரண்டரை மாதம் இருந்தபோது, இடப்பக்கம் மூன்றாவது முறையாகக் காய்ச்சலோடு படுத்த எனக்கும் ஒரு கிளினிக்கில் இதைத்தான் சொன்னார்கள். மூன்றாவது வழியும் உண்டு என்று சொன்னவர் ஒரு மூத்த மிஸ்ஸி. "வலது பக்கம் நல்லாத்தானம்மா இருக்கு? அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். என் மகன் அந்த ஒரு பக்கத்திலேயே ஒன்றரை வயதுவரை குடித்தான்.

அந்த மிஸ்ஸி சொன்னதில் அறிவியல் இருக்கிறது. பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் என்ற இயக்குநீர் இரத்தத்தில் ஓடுகிறது, ஆகவே இரு பக்கத்துக்கும் பொதுவானது. ஆனால், எவ்வளவு சுரப்பது என்ற கணக்கை ஒவ்வொரு மார்பகமும் தனியாக வைத்துக்கொள்கிறது. பால் உள்ளேயே தங்கினால் அந்தப் பக்கத்துச் சுரப்பிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. பால் அடிக்கடி வெளியே போனால் வேகம் கூடுகிறது. அதனால்தான் ஒரு பக்கம் வற்றிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் பெருக முடிகிறது.

முதல் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை, தாய்ப்பாலை மட்டும் குடிக்கும் பிள்ளை நாளொன்றுக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லிலீட்டர் குடிக்கிறது. ஒரு மார்பகத்தால் இதைத் தர முடியுமா என்று கேட்டால், இரட்டைப் பிள்ளைகளின் தாய்மாரைப் பாருங்கள். இரண்டு பிள்ளைக்கும் தாய்ப்பாலை மட்டுமே கொடுத்து வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு மார்பகம்தானே?

இதற்கு ஒரு வரலாற்றுச் சான்றும் இருக்கிறது. ஹாங்காங்கில் படகுகளிலேயே வாழ்ந்த தான்கா மீனவச் சமூகத்துப் பெண்கள் வலது மார்பகத்தில் மட்டுமே பால் கொடுத்து வந்தார்கள். அவர்கள் அணிந்த சட்டை வலப்பக்கம் திறப்பதாக இருந்தது. நோய்க்காக அல்ல, வழக்கமே அப்படி. ஒரு பக்கப் பாலிலேயே அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

இந்தப் பெண்களைப் பற்றி 1977-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. வயது முதிர்ந்த பிறகு புற்றுநோய் கண்டவர்களில், பால் கொடுக்காத இடப்பக்கத்திலேயே அது கூடுதலாக இருந்தது என்றது அந்த ஆய்வு. இதைக் கேட்டு யாரும் பதற வேண்டாம். அது ஒரு சமூகத்தில் நடந்த ஓர் ஆய்வு. அதற்காக நோயுற்ற மார்பகத்தில் வலியோடு பால் கொடுத்தே தீர வேண்டும் என்று ஆகிவிடாது. இரு பக்க மார்பகங்களையும் வாழ்நாள் முழுக்கக் கவனித்துவர வேண்டும் என்று மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நிறுத்துவது எப்படி?

காய்ச்சலும் வலியும் உள்ள நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. தேங்கும் பால் அழற்சியைக் கூட்டும், சீழ்க்கட்டிக்கும் வழிவிடும். அழற்சி முழுவதும் அடங்கட்டும், மருந்து முடியட்டும். பிறகு இரண்டு மூன்று வாரத் தவணை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எப்போதும் நல்ல பக்கத்திலேயே தொடங்குங்கள். நிறுத்தப் போகும் பக்கத்தில் நாளுக்கு ஒரு வேளையைக் குறையுங்கள். மூன்று நான்கு நாள் உடல் பழகிய பிறகு இன்னொரு வேளையைக் குறையுங்கள். மார்பு கனத்தால், கனம் குறையும் அளவுக்கு மட்டும் கையால் சிறிது பீய்ச்சிவிடுங்கள். முழுவதும் வெளியேற்றினால் மறுபடி சுரக்கும். ஐஸ் வையுங்கள். தாங்கலான உள்ளாடை அணியுங்கள், ஆனால் துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். அந்தக் கட்டே புதிய அழற்சியைக் கொண்டுவரும்.

பால் வற்றும் மாத்திரை இதற்கு உதவாது. அது ப்ரோலாக்டினைக் குறைப்பதால் இரு பக்கத்தையும் சேர்த்தே வற்றச் செய்யும்.

மல்லிகைப்பூ கட்டலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். பூவை மார்பில் வைத்துப் பால் வற்றச் செய்யும் பழக்கம் நம்மவர்களுக்குப் பழையது. இதை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆராய்ந்து 1988-இல் வெளியிட்டார்கள். பால் வற்றப் பயன்படும் மாத்திரை ஒன்றோடு ஒப்பிட்டதில், பாலையும் மார்பு கனத்தையும் குறைப்பதில் பூ அதற்கு ஈடாகவே இருந்தது. நம் பாட்டிமார்களுக்குப் பெருமைதான். ஆனால், அதே ஆய்வில் இரத்தத்தில் ப்ரோலாக்டின் அளவும் குறைந்தது. அப்படியானால், பூவை ஒரு பக்கம் வைத்தாலும் மறுபக்கச் சுரப்பும் குறைய வாய்ப்பிருக்கிறது. முழுவதும் நிறுத்த நினைப்பவர்களுக்கு அது பொருந்தலாம். ஒரு பக்கத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மல்லிகையைத் தலையில் வைத்துக்கொள்வதே நல்லது.

பிள்ளைக்குப் போதுகிறதா என்று அறிவது எப்படி?

பிள்ளை அழுவதை வைத்தும் மார்பு கனப்பதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். முதல் வாரம் கழிந்த பிள்ளை நாளொன்றுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். எடை சீராக ஏற வேண்டும். கிளினிக்கில் தரும் குழந்தைச் சுகாதாரப் புத்தகத்தில் எடைக் கோடு தன் பாதையில் போகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மாறும் மாதத்தில் வாரம் ஒருமுறை எடை பார்ப்பது நல்லது. பிள்ளை வழக்கத்தைவிட அடிக்கடி கேட்கும். அது பசிக் கொடுமை அல்ல, சுரப்பைக் கூட்டச் சொல்லி அது போடும் விண்ணப்பம். சில நாள்களில் சரியாகிவிடும். எடை ஏறாவிட்டால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். சிலருக்குக் கொஞ்சம் மாவுப்பால் சேர்க்க வேண்டியிருக்கலாம். அதனால் கொடுத்த தாய்ப்பாலின் மதிப்புக் குறைந்துவிடாது.

நல்ல பக்கத்துக்கும் அழற்சி வராமல் பார்த்துக்கொள்வது முக்கியம். இனி எல்லாப் பொறுப்பும் அதன்மீதுதான். பிள்ளை வாயை அகலத் திறந்து கவ்வுகிறதா என்று தாதியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தோற்றத்தில் வேறுபாடு தெரியும். ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருக்கும். சிறிய பக்கத்தில் ஒரு பஞ்சுத் தட்டு வைத்தால் வெளியில் தெரியாது. பால் மறக்கச் செய்த பிறகு பெரும்பாலும் சமமாகிவிடும். அடுத்த பிள்ளைக்கு அந்தப் பக்கம் மீண்டும் சுரக்கும். அப்போது இரு பக்கமும் கொடுத்துப் பார்க்கலாம்.

வேலைக்குப் போகும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. தீபகற்ப மலேசியாவில் தனியார் துறை மகப்பேறு விடுப்பு 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தப்பட்டது. பால் சுரப்பு நிலைபெறும் முதல் மூன்று மாதங்கள் வீட்டில் கிடைப்பது பெரிய உதவி. ஒரு பக்கத்துக்கு மாறுவதானால் அந்த விடுப்புக்குள்ளேயே மாறிக்கொள்வது நல்லது. வேலையிடத்தில், பிள்ளை குடிக்கும் நேரத்தை ஒட்டிப் பாலைக் கறந்து வையுங்கள். வேலை அதிகம் என்று ஒரு வேளையைத் தவறவிடும் நாளில்தான் பால் கட்டிக்கொள்ளும்.

குடும்பத்தாருக்கு

நம் நாட்டில் தேசியத் தாய்ப்பால் கொள்கை 1993-இல் வகுக்கப்பட்டது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இரண்டு வயதுவரை மற்ற உணவோடு தாய்ப்பால் என்று 2005-இல் திருத்தப்பட்டது. எந்தக் கொள்கையிலும் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. "ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் பிள்ளை நோஞ்சானாகும்" என்று மாமியார் சொல்வதும், "தாய்ப்பாலை விடாதே, பொறுத்துக்கொள்" என்று படித்த தோழி சொல்வதும் ஒரே தாயின் தலையில்தான் விழுகின்றன. காய்ச்சலில் கிடக்கும் பெண்ணுக்கு இரண்டு பேச்சும் பாரம்.

கணவன்மார்களே, உங்கள் மனைவிக்கு நடுக்கம் வந்தால் ஐஸைத் துணியில் சுற்றிக் கொடுங்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மூன்றாவது முறையாக அதே பக்கம் வந்திருக்கிறது என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அத்தைமார்களே, எண்ணெய்க் கிண்ணத்தைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, தாய் இரண்டு மணி நேரம் தூங்குவதற்கு வழி செய்யுங்கள்.

சகோதரிகளே, ஒளிபரப்பு முடிந்த பிறகு தாழ்ந்த குரலில் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மருத்துவரிடமோ மிஸ்ஸியிடமோ சத்தமாகவே கேளுங்கள்.